கூலி என்பது ஆளா, அளந்து கொடுத்த நெல்லா?

கேள்வி: மதிப்பிற்குரிய அம்மா, வணக்கம். கடலூர் முதுநகரில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். எங்கள் தெரு மாரியம்மன் கோயில் திருப்பணிக் குழுவிலும் இருக்கிறேன். பிரெஞ்சுத் தீவான குவாதலூப்பிலிருந்து ஒரு குடும்பம் அண்மையில் வந்திருந்தது. அவர்களுடைய பாட்டனாருக்குப் பாட்டனார் 1860-களில் இந்தப் பக்கத்திலிருந்து போய்ப் புதுச்சேரியில் கப்பல் ஏறியவராம். முன்மண்டபத்துக்குக் கருங்கல் தளம் போடும் செலவை ஏற்றுக்கொண்டார்கள். உபயக் கல்லில் என்ன எழுதுவது என்பதில்தான் சிக்கல். அவர்கள் கொண்டுவந்த பழைய பிரெஞ்சுத் தாளில் 'கூலி' என்ற சொல்லை எழுத்துக்கூட்டிப் படிக்க முடிகிறது. அதைப் பார்த்து என் அக்கா மகன், 'கூலியாகச் சென்ற இன்னாரின் வழித்தோன்றல்கள் உபயம்' என்று எழுதிக் கொடுத்தான். குழுவில் பெரியவர் ஒருவர், 'அம்மன் சந்நிதியில் கூலி என்று வெட்டுவதா? அந்தக் குடும்பத்துக்கே அவமானம்' என்று எழுந்து போய்விட்டார். பையனோ, 'நல்ல தமிழ்ச் சொல்தானே மாமா' என்கிறான். அது சீனச் சொல் என்கிறார் ஒருவர். துருக்கிச் சொல் என்று படித்ததாகச் சொல்கிறார் இன்னொருவர். யார் சொல்வது சரி? கல்லில் என்ன வெட்டலாம்?
– ஒரு வாசகர், கடலூர்

பதில்: ஐயா, வணக்கம். 'கூலியாக' என்று வெட்ட வேண்டாம். பெரியவர் வந்த முடிவு சரி. ஆனால் அவர் சொன்ன காரணத்தை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. உங்கள் அக்கா மகன் சொன்ன காரணம் சரி, அதை வைத்து அவர் எழுதிய வாசகம்தான் தவறு. இருவருக்கும் கோபம் வராமல் இதை விளக்க முடியுமா என்று பார்க்கிறேன்.

பிரெஞ்சு ஆவணங்களைத் தமிழாக்கிக் கையெழுத்திட்டுக் கொடுப்பது என் பிழைப்பு. பிறப்புச் சான்று, திருமணப் பதிவு, வீட்டுப் பத்திரம், ஓய்வூதியத் தாள் என்று புதுச்சேரியில் இந்த வேலைக்கு என்றும் பஞ்சமில்லை. இடையிடையே உங்களிடம் வந்ததைப் போன்ற தாளும் வரும். பிரெஞ்சுத் தீவுகளான ரீயூனியனிலிருந்தோ மார்த்தினிக்கிலிருந்தோ வந்தவர், மங்கிப்போன நகல் ஒன்றை மேசையில் விரித்து வைப்பார். அதில் இந்தச் சொல் கண்ணில் பட்டால், அது ஆளைக் குறிக்கிறதா, ஆளுக்குக் கொடுத்ததைக் குறிக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பேன். பிரெஞ்சில் அது எப்போதும் ஆள். தமிழில் அது கொடுத்த காசு, அல்லது அளந்த நெல். எழுத்துப் பெயர்த்தால் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். உங்கள் கல்லில் நேர்ந்தது இதுதான்.

உங்கள் கடைக் கணக்கையே எடுத்துப் பாருங்கள். லாரியிலிருந்து மூட்டை இறக்கினால் இறக்குக்கூலி. மாவு மில்லில் அரவைக்கூலி. தையற்காரருக்குத் தையற்கூலி. வயலில் நடவுக்கூலி, அறுப்புக்கூலி. நகைக்கடைக்குப் போனால் செய்கூலி, சேதாரம். வண்டிக்கூலி என்று வண்டிக்கே ஒரு கூலி எழுதுகிறோம். மாடு பூட்டிய காலத்திலும் அப்படித்தான் எழுதினோம், டீசல் ஊற்றும் காலத்திலும் அப்படித்தான். மலையாளத்தில் பஸ் கட்டணம்கூட வண்டிக்கூலிதான். அங்கே 'நோக்குகூலி' என்று இன்னொன்றும் இருந்தது. சுமையை வேறு யாரோ இறக்க, உள்ளூர்ச் சுமைதூக்கும் சங்கத்தார் அருகில் நின்று பார்த்ததற்காகக் கேட்டு வாங்கிய காசு அது. 2018 மே முதல் நாளோடு அது ஒழிந்தது என்று கேரள அரசு அறிவிக்க வேண்டிவந்தது. வேலையே நடக்காதபோதும் கூலி என்ற சொல் மட்டும் தன் பொருளை விடவில்லை பாருங்கள். தெலுங்கிலும் கன்னடத்திலும் இதே சொல் இதே பொருளில் இருக்கிறது. ஆகவே இது தென்னாட்டு மொழிகளின் பொதுச் சொத்து; கப்பலில் வந்து இறங்கிய சரக்கு அன்று.

பழமைக்குச் சான்று வேண்டும் என்றால் உங்கள் அக்கா மகனுக்குப் பள்ளியிலேயே மனப்பாடமாகியிருக்கும்: 'தெய்வத்தான் ஆகாது எனினும் முயற்சிதன் மெய்வருத்தக் கூலி தரும்.' உடம்பை வருத்தியதற்கு ஈடாக வருவது கூலி என்று வள்ளுவர் அன்றைக்கு எழுதியதை இன்றைக்கும் அகராதி இல்லாமல் படிக்க முடிகிறது. எல்லாச் சொல்லுக்கும் இந்தப் பேறு வாய்ப்பதில்லை. 'ஊதியம்' என்ற சொல்லையும் குறளில் பார்க்கலாம்: 'ஈதல் இசைபட வாழ்தல் அதுவல்லது ஊதியம் இல்லை உயிர்க்கு.' அங்கே அது இலாபம், பேறு. இன்று அரசாணையில் அது மாதம் பிறந்தால் வங்கிக் கணக்கில் வந்து விழுவது. ஊதியம் இடம் மாறிவிட்டது, கூலி நின்ற இடத்தில் நிற்கிறது.

அம்மன் சந்நிதியில் அந்தச் சொல் ஆகாது என்ற பெரியவருக்கு நான் வேறு ஒன்றைச் சொல்வேன். அவர் சைவராக இருந்தால் அவருக்கே தெரிந்திருக்கும். வைகை உடைப்பெடுத்தபோது வீட்டுக்கு ஓர் ஆள் வந்து கரையை அடைக்க வேண்டும் என்று பாண்டியன் ஆணையிட்டான். ஆள் இல்லாத பிட்டு விற்கும் கிழவி வந்திக்காகச் சொக்கநாதரே கூடையும் மண்வெட்டியுமாக வந்தார். உதிர்ந்த பிட்டுதான் கூலி என்று பேசிக்கொண்டார். வேலையை ஒழுங்காகச் செய்யாமல் பிரம்படியும் பட்டார். இதைத் திருவாசகத்தில் 'மண்சுமந்து கூலிகொண்டு' என்று பாடுகிறார் மாணிக்கவாசகர், உங்கள் மாவட்டத்துத் தில்லையில் சோதியில் கலந்தவர். 'கூலிகொண்டு' என்ற சொல்லைக் கவனிக்கச் சொல்லுங்கள். கடவுள் கூலி கொண்டார், கூலி ஆகவில்லை. ஓதுவார் பாடிச் சந்நிதியில் ஒலிக்கும் சொல்லுக்குக் கல்லில் மட்டும் என்ன தீட்டு?

புதுச்சேரிக்காரி என்பதால் பாரதியையும் விட்டுவிட மனமில்லை. 1908 முதல் பத்தாண்டு இங்கே இருந்தார். கண்ணனைச் சேவகனாக வைத்துப் பாடிய பாட்டை 'கூலிமிகக் கேட்பார்' என்றுதான் தொடங்குகிறார். வேலைக்காரர்களைப் பற்றி வீட்டுக்காரர்கள் இன்றும் சொல்கிற அதே குறை! கேட்கப்படுவது கூலி, கேட்பவன் சேவகன். பழைய வழக்கில் நான் பார்த்தவரையில் ஆளைச் சொல்ல வேண்டுமானால் கூலியாள், கூலிக்காரர் என்று ஓர் 'ஆளை'யோ 'காரரை'யோ கூட்டியே சொன்னார்கள். வெறும் 'கூலி' ஆளாவதற்கு வெளியிலிருந்து ஒரு தள்ளு வேண்டியிருந்தது.

அதற்குப் போகும் முன் வேரைப் பற்றிக் கொஞ்சம். நெல் முதலிய தானியத்துக்குப் பழைய பெயர் கூலம். மதுரைக் கூலவாணிகன் சாத்தனார் என்ற பெயரில் அது நமக்கு இன்னும் மிச்சம் இருக்கிறது. கூலமாக அளந்து கொடுத்தது கூலி என்பது சொல்லாராய்ச்சியாளர் சிலரின் கருத்து. கல்லின் மேல் எழுத்தாக இதை யாரும் நிறுவிக் காட்டிவிட முடியாது, எனக்கென்னவோ பிடித்திருக்கிறது. காட்டுமன்னார்கோயில் பக்கம் போய் எழுபது வயதைத் தாண்டியவர்களைக் கேளுங்கள், களத்துமேட்டில் கூலியை மரக்காலால் அளந்து வாங்கிய கதை சொல்வார்கள். நெல்லாக வாங்கியது உழவுத் தொழிலாளி மட்டுமில்லை. புதுச்சேரியை அடுத்த திரிபுவனைக் கோயிலில் 11ஆம் நூற்றாண்டுச் சோழர் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. அங்கிருந்த கல்லூரியில் வேதமும் இலக்கணமும் கற்பித்தவர்களுக்குக்கூட நாளுக்கு இவ்வளவு நெல் என்றே அது அளவு சொல்கிறது. அதற்காக, சம்பாவும் உப்பளமும் சேர்ந்து சம்பளம் ஆயிற்று என்று கைப்பேசியில் வலம் வருவதையும் என் தலையில் கட்டிவிடாதீர்கள். வடமொழியில் 'சம்பல' என்றால் வழிப்பயணத்துக்கான கட்டுச்சோறு. சம்பளத்துக்கு அந்த வழிதான் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

இப்போது சீனமும் துருக்கியும். சீனத்தை உடனே அனுப்பிவிடலாம். அந்த மொழியில் 'கூ' என்றால் கசப்பு, 'லீ' என்றால் வலு. கசக்கும்படி உழைப்பவன் என்று இரண்டு எழுத்தும் அழகாகப் பொருந்துவதால் பலர் ஏமாறுகிறார்கள். ஐரோப்பியரின் வாயிலிருந்து கேட்ட சொல்லைச் சீனர்கள் தங்கள் எழுத்தில் பொருத்திக்கொண்டது அது. துருக்கியில் 'குல்' என்றால் அடிமை, ஊழியன். ஹைதராபாத்தை 1591இல் நிறுவிய முகம்மது குலி குதுப் ஷாவின் பெயரில் இருக்கும் 'குலி' அதுதான். மன்னரின் பெயருக்கே முகம்மது நபியின் ஊழியர் என்றுதான் பொருள். வடக்கே வழங்கிய 'குலி'யில் அதன் சாயல் ஏறியிருக்கலாம்.

கொஞ்சம் நின்று பேச வேண்டியது கோலி என்ற மூன்றாவது கட்சியோடு. குஜராத்திலும் கொங்கணக் கரையிலும் வாழும் சமூகத்தார் அவர்கள். மும்பையின் மீனவக் குப்பங்களைக் கோலிவாடா என்பது அவர்கள் பெயரால்தான். போர்ச்சுகீசியர் மேற்குக் கரையில் அவர்களைச் சுமை தூக்கவும் துடுப்புப் போடவும் வைத்து, அந்தச் சமூகப் பெயரையே வேலைக்காரருக்குப் பொதுப்பெயராக ஆக்கினார்கள் என்பது வாதம். 'ஹாப்சன்–ஜாப்சன்' என்று பெயர் பெற்ற 1886ஆம் ஆண்டு ஆங்கில–இந்தியச் சொல்லகராதி கோலியையும் வைத்து, தமிழ்க் கூலியையும் வைத்து, கோலியின் பக்கம் கொஞ்சம் சாய்கிறது. பின்னால் வந்த அகராதிகளும் ஏறக்குறைய அந்த வழிதான். எனக்கு அதில் பாதிதான் உடன்பாடு. ஒலி மேற்கிலிருந்து புறப்பட்டிருக்கலாம். ஆனால் நாள் கணக்கில் காசு வாங்கி உழைப்பவர் என்ற பொருள் கோலி என்ற பெயருக்குள் எங்கே இருக்கிறது? 1674 முதல் புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள் கடை போட்டார்கள். 1690இல் உங்கள் ஊரில் ஆங்கிலேயர் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை விலைக்கு வாங்கினார்கள். மூட்டைத் துணி ஒவ்வொன்றும் கரையிலிருந்து படகுக்கும் படகிலிருந்து கப்பலுக்கும் மனிதத் தலையில் போன காலம். 'கூலி எவ்வளவு' என்பது அந்த வெள்ளைக்கார எழுத்தர்கள் நாள் முழுவதும் கேட்ட வார்த்தையாக இருந்திருக்கும். இரண்டு ஆறு கலந்த இடத்தில் எந்தத் தண்ணீர் எது என்று பிரித்துக் காட்ட நான் முயல மாட்டேன். ஆனால் 'கூலி' தமிழ்ச் சொல்தானா என்று உங்கள் அக்கா மகன் கேட்டால், தயங்காமல் ஆம் என்பேன். பிரெஞ்சுத் தாளில் இருக்கும் சொல் தமிழ்ச் சொல்தானா என்று கேட்டால், அதன் உடம்பில் நம் இரத்தமும் ஓடுகிறது என்ற அளவோடு நிறுத்திக்கொள்வேன்.

ஏனென்றால் அந்தச் சொல்லுக்குக் கடலில் வேறு ஒன்று நடந்தது. 1848இல் பிரான்ஸ் தன் குடியேற்ற நாடுகளில் அடிமைமுறையை ஒழித்தது. விடுதலை பெற்றவர்கள் பழைய முதலாளியின் கரும்பை வெட்ட விரும்பாததில் வியப்பில்லை. தோட்டக்காரர்களின் கண் புதுச்சேரியிலும் காரைக்காலிலும் விழுந்தது. 1853இல் மார்த்தினிக்குக்கும், 1854 டிசம்பர் 24 அன்று குவாதலூப்புக்கும் முதல் கப்பல் போய்ச் சேர்ந்தது. இரண்டு முறையும் கப்பலின் பெயர் ஒரேலி. குவாதலூப்புக்கு மட்டும் 1889 வரை ஏறக்குறைய 42,000 இந்தியர்கள் கொண்டுபோகப்பட்டார்கள், பெரும்பாலோர் திரும்பவில்லை. முதலில் பிரெஞ்சு மண்ணில் இருப்பவர்களைத்தான் சேர்க்க வேண்டும் என்று விதி. உங்கள் ஊர் பிரிட்டிஷ் தென்னார்க்காட்டில் இருந்தாலும் ஆற்றைத் தாண்டினால் பாகூர்ப் பக்கம் பிரெஞ்சு மண். பஞ்ச காலத்தில் விதி யாரைத் தடுக்கும்? 1861இல் இரண்டு அரசுகளும் உடன்படிக்கை செய்துகொண்ட பிறகு பிரிட்டிஷ் இந்தியாவிலும் வெளிப்படையாக ஆள் சேர்க்கலாம் என்றாயிற்று. உங்கள் விருந்தினரின் முன்னோர் போனது அனேகமாக இந்த வாசல் வழியாக இருக்கும்.

ஆள் பிடித்துக் கொடுத்தவர்கள் இங்கே மேஸ்திரிகள். இலங்கைக்கும் மலேயாவுக்கும் கொண்டுபோனவர்களைக் கங்காணி என்றோமே, ஏறக்குறைய அதே தொழில். அவர்கள் கொண்டுவந்தவர்களைக் கரையில் நிறுத்தி எண்ணினார்கள். இத்தனை மூட்டை அரிசி, இத்தனை பீப்பாய்த் தண்ணீர், இத்தனை கூலி. கொடுக்க வேண்டிய காசின் பெயர், காசு பெற வேண்டிய மனிதனின் பெயராக மாறியது இந்த மாதிரிப் பேரேட்டில்தான். இலக்கணம் படித்தவர்கள் இதை ஆகுபெயர் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். 'ஊர் சிரித்தது' என்றால் ஊரில் உள்ளவர்கள் சிரித்தார்கள். அதில் ஊருக்கு நட்டமில்லை. இங்கே மனிதனுக்குப் பெயர் போயிற்று, பல இடங்களில் கூலியும் ஒழுங்காகக் கைக்கு வரவில்லை.

பிறகு அது வசவாகவும் ஆனது. தென்னாப்பிரிக்காவில் எந்த இந்தியரையும் 'கூலி' அல்லது 'சாமி' என்று கூப்பிட்டதைக் காந்தி தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். முத்துசாமி, வீராசாமி என்று தமிழர் பெயர்கள் முடிவதைக் கேட்டு வந்தது அந்தச் 'சாமி'. திட்டுகிறவரிடம், 'சாமி என்றால் எசமானன், நீர் என்னை எசமானனே என்று அழைக்கிறீர்' என்று சிலர் திருப்பிக் கொடுத்ததையும் அவர் சொல்கிறார். கூலிக்கு அப்படி ஒரு பதில் கொடுக்க வழியில்லாமல் போயிற்று. காந்தியே அங்கே 'கூலி பாரிஸ்டர்'தான்.

குவாதலூப்பிலும் இந்தச் சொல் நெடுங்காலம் தெருவில் பின்னாலிருந்து எறியப்பட்ட கல். அங்கே பிறந்து வளர்ந்த இந்திய வம்சாவளியினருக்கு நெடுநாள் வாக்குரிமை கிடையாது. ஹென்றி சிதம்பரம் என்பவர் 1904இல் தொடங்கிய போராட்டத்துக்கு 1923இல்தான் பலன் கிடைத்தது. பெயரைப் பார்த்தவுடன் நம் சிதம்பரத்துக்காரர் என்று மாலை கட்டக் கிளம்பிவிட வேண்டாம். போனவருக்கு இருந்த ஒற்றைப் பெயரே அங்கே குடும்பப் பெயராகப் பதிவாயிற்று. சிதம்பரம் என்பது ஒரு தகப்பனின் பெயராக இருந்திருக்கலாம், ஊராக இருக்க வேண்டியதில்லை. உங்கள் விருந்தினர் பெயரையும் இதே எச்சரிக்கையோடு பாருங்கள்.

மற்றவர்கள் இந்தச் சொல்லை எப்படிக் கையாண்டார்கள் என்று கேட்டால், மாற்றிவிட்டார்கள். மொரீஷியஸில் ஒப்பந்த ஆட்கள் வந்திறங்கிய படித்துறைக்கு 'கூலி காட்' என்று பெயர் இருந்தது. இப்போது 'ஆப்பிரவாசி காட்', அதாவது குடியேறியவர் துறை. 2006இல் யுனெஸ்கோவின் பட்டியலில் அந்தப் பெயரில்தான் ஏறியது. நம் ரயில்வேயும் 2016ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில், நிலையத்தில் சுமை தூக்குபவர்களை இனி 'சஹாயக்' என்று அழைக்க வேண்டும் என்றது. சிவப்புச் சட்டை அப்படியே, எடை அப்படியே. அவர்களில் எத்தனை பேருக்குப் பெயர் மாற்றத்தால் கூலி கூடியிருக்கும் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள். அதனால்தான் சொல்லை மாற்றினால் போதும் என்பவர்களிடம் எனக்குக் கொஞ்சம் எரிச்சல்.

நம் வாயும் சுத்தமில்லை என்பதைப் பெரியவருக்காக ஒப்புக்கொள்கிறேன். மனம் ஒட்டாமல் செய்வதைக் 'கூலிக்கு மாரடிப்பது' என்கிறோம். கொலைகாரர் கூட்டத்துக்குக் கூலிப்படை என்று பெயர் வைத்திருக்கிறோம். ஒரே காரியத்தை ஆளுக்கு ஆள் பெயர் மாற்றித்தான் சொல்வோம்: வயலில் நின்றவருக்குக் கூலி, அலுவலகத்தில் உட்கார்ந்தவருக்குச் சம்பளம், மேடையில் பேசியவருக்குச் சன்மானம், மருத்துவருக்குக் கட்டணம், புரோகிதருக்குத் தட்சிணை. நான் வாங்குவது 'மொழிபெயர்ப்புக் கட்டணம்'. மண்வெட்டிக்குப் பதில் பேனா பிடித்திருக்கிறேன் என்பதைத் தவிர வேறென்ன வித்தியாசம்? பெரியவர் காதில் விழுந்த அவமானம் சொல்லிலிருந்து வந்ததில்லை, யார் அதை வாங்கினார்கள் என்ற நம் கணக்கிலிருந்து வந்தது. அந்தக் கணக்கில் சாதிக்குப் பெரிய பங்கு இருக்கிறது என்பதையும் கடலூரில் இருக்கும் உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இதே சொல்லைத் தலை நிமிர்ந்து சொன்னவர்களும் இந்த ஊரில் இருந்தார்கள். கூலி உயர்வும் எட்டு மணி நேர வேலையும் கேட்டுப் புதுச்சேரி ஆலைத் தொழிலாளர் போராடியபோது, 1936 ஜூலை 30 அன்று சவானா ஆலையில் துப்பாக்கிச் சூடு நடந்து பன்னிரண்டு பேர் மாண்டார்கள். தொழிலாளர் தலைவர் வ. சுப்பையாவின் பெயரோடு இங்கே ஆண்டுதோறும் நினைக்கப்படும் நாள் அது. அவர்கள் முழக்கத்தில் கூலி இருந்தது, எங்களுக்குச் சேர வேண்டியது என்ற பொருளில். அந்தப் பொருளைத்தான் உங்கள் கல்லிலும் காப்பாற்றச் சொல்கிறேன்.

சரி, கல்லுக்கு வருவோம். பிரெஞ்சுத் தாளை முழுவதும் படித்தால் கூலியோடு 'அங்காஜே' என்ற சொல்லும் வரும். ஒப்பந்தத்தால் தம்மைக் கட்டிக்கொண்டவர் என்று பொருள். வழக்கமாக ஐந்தாண்டு ஒப்பந்தம். அதைத் தமிழில் 'ஒப்பந்தத் தொழிலாளி' என்று பெயர்ப்பேன், ஆவணமாக இருந்தால். உங்கள் மாவட்டத்தில் கல்லில் அப்படி வெட்டினால் படிப்பவர் நெய்வேலி நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர் என்று நினைத்துக்கொள்வார்! 'கப்பலேறிய' என்றும் எழுதலாம். ஆனால் நம் பேச்சில் கப்பலேறுவது பெரும்பாலும் மானம்தான். குழுவில் இன்னொருவர் எழுந்து போய்விடக் கூடும். ஆகவே நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

'19ஆம் நூற்றாண்டில் கடலூர்ப் பகுதியிலிருந்து கடல் கடந்து சென்று, குவாதலூப் தீவின் கரும்புத் தோட்டங்களில் உழைத்த இன்னாரின் நினைவாக, அவர் வழித்தோன்றல்கள் செய்த உபயம்.'

இதில் கூலி இல்லை, கூலியாளும் இல்லை. ஆனால் என்ன வேலை, எங்கே, யார் என்ற மூன்றும் இருக்கின்றன. 'பிழைக்கப் போன' என்று சேர்க்கலாமா என்று யாராவது கேட்பார்கள், வேண்டாம். பிழைத்தாரா என்பது அவருக்கும் அந்தத் தோட்டத்துக்கும்தான் தெரியும்.

வெட்டுவதற்கு முன் அந்தக் குடும்பத்துக்கு ஒரு கடிதம் எழுதிக் கேளுங்கள். அங்கே இளைய தலைமுறையில் சிலர் 'ஆம், நாங்கள் கூலிகளின் பேரப்பிள்ளைகள்' என்று அந்தச் சொல்லைத் தாங்களே எடுத்து அணிந்துகொள்கிறார்கள். எறியப்பட்ட கல்லை வீட்டுக்கு அடித்தளமாகப் போட்டுக்கொள்வது அவர்கள் உரிமை. அவர்கள் விரும்பினால் கல்லின் கீழ்ப்பாதியில் பிரெஞ்சு வாசகம் ஒன்றை அவர்களே எழுதித் தரட்டும். அதில் அந்தச் சொல் வந்தாலும் தமிழ்ப் பகுதியில் மேலே சொன்னபடியே இருக்கட்டும். இரண்டும் ஒன்றுக்கொன்று மொழிபெயர்ப்பாக இருந்தே ஆக வேண்டும் என்று கட்டாயமில்லை, பணம் வாங்கி மொழிபெயர்ப்பவள் சொல்கிறேன்.

பெயரை இரண்டு எழுத்திலும் வெட்டுங்கள். பிரெஞ்சுக்காரன் காதால் கேட்டு எழுதிய பெயர்கள் அவை. 'மூத்தூசாமி' நம் முத்துசாமி, 'வீராப்பென்' வீரப்பன், 'அப்பாவூ' அப்பாவு, 'கனபதி' கணபதி. தமிழில் எழுதும்போது நம் எழுத்திலேயே எழுதுங்கள். அவர்கள் உச்சரிப்பைத் தமிழில் பெயர்த்து வைத்தால் உள்ளூரில் ஒருவருக்கும் சொந்தமாகத் தோன்றாது. அம்மனும் அங்கே போய் 'மாலியெமின்' ஆகியிருக்கிறாள், அவளை நாம் மாரியம்மன் என்றுதானே அழைக்கிறோம்.

ஊர்ப் பெயரில்தான் அவசரப்படக் கூடாது. கப்பல் பட்டியல்களிலும் தீவில் வைத்திருந்த பதிவேடுகளிலும் ஒவ்வொருவருக்கும் ஓர் எண், வயது, தகப்பன் பெயர், பிறந்த ஊர் என்று பத்திகள் இருக்கும். பிரெஞ்சுக்காரர்கள் உங்கள் கடலூரின் பழைய பெயரான கூடலூரைக் 'கூதலூர்' என்றும் 'கோந்தலூர்' என்றும் எழுதினார்கள். அது நகரத்தையும் குறிக்கும், சுற்றியுள்ள வட்டாரத்தையும் குறிக்கும். கப்பலேறும் இடத்துக்கு அருகில் தெரிந்த ஊரைக் கேட்டு எழுத்தர் தானே போட்டதாகவும் இருக்கலாம். அந்தக் குடும்பத்திடம் பதிவெண் இருந்தால், பிரான்சில் எக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ் நகரில் உள்ள கடல்கடந்த நாடுகளின் ஆவணக் காப்பகத்தில் தேடச் சொல்லுங்கள். இங்கே தேசிய ஆவணக் காப்பகத்தின் புதுச்சேரிக் கிளையிலும் கேட்டுப் பார்க்கலாம். தாளின் பின்பக்கத்தையும் சேர்த்து நகலெடுத்து எனக்கு அனுப்புங்கள். எண்கள் பெரும்பாலும் பின்பக்க ஓரத்தில்தான் இருக்கும். ஆடித் திருவிழாவுக்குள் தளம் முடிந்தாக வேண்டும் என்றால், ஊர்ப் பெயரை ஆராயாமல் 'கடலூர்ப் பகுதி' என்றே வெட்டிவிட்டு, கீழே ஒரு வரிக்கு இடம் விடச் சொல்லுங்கள். கல்தச்சர் எழுத்துக்கு இவ்வளவு என்று கூலி பேசுவார். வெற்றிடத்துக்குக் கேட்க மாட்டார்.